இரகசியச் சொல்லைப் பேரேட்டில் வைக்கும் முறை

நம் வர்த்தகச் சகோதரர்களில் அநேகர் இப்பொழுது கடைக்கு வருகிறவர்களுக்கு அங்கத்தினர் அட்டை கொடுக்கிறார்கள். சிலர் கைப்பேசி வழியாக ஆர்டர் எடுத்து, சாமானை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். இப்படிச் சேருகிற ஒவ்வொருவரும் தம் பெயர், டெலிபோன் நம்பர், விலாசம் ஆகியவற்றோடு பாஸ்வர்டு என்கிற இரகசியச் சொல் ஒன்றையும் நம்மிடம் ஒப்படைக்கிறார்கள். பெயரையும் விலாசத்தையும் எழுதி வைக்க நமக்குத் தெரியும். இரகசியச் சொல்லை எப்படி வைப்பது? கம்ப்யூட்டர் செய்து கொடுப்பவர்களைக் கேட்டால், "அது உள்ளே பத்திரமாக இருக்கிறது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே எந்த ரூபத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்கத் தெரிந்திருப்பது கடை முதலாளிக்கு அவசியம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்காக இதை எழுதவில்லை. மதரஸா ஓதலையும் ஆரம்பப் பள்ளியையும் முடித்துக் கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு விளங்கினால் போதும். எழுதுகிறவனும் அந்த வகுப்புக்காரன்தான்.

நம்மிடம் வாங்குகிறவர் கொடுத்த சொல் நம் கையிலுள்ள அமானிதம். அது நம் கடைச் சாவி மட்டுமாக இருந்தால் பெரிய நஷ்டமில்லை. மளிகைக் கடைப் புள்ளிக் கணக்கைத் திருடி என்ன கிடைத்துவிடும்? ஆனால் ஜனங்கள் ஒரே சொல்லைக் கடைக்கும், மின்னஞ்சலுக்கும், பாங்குக்கும் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். நம் பேரேட்டிலிருந்து ஒரு சொல் வெளியேறினால், நிபோங் திபாலில் அரிசி வாங்கிய ஒரு தாயாரின் பாங்குக் கணக்கு வேறெங்கோ திறக்கப்படலாம். அவருக்கு அது எங்கிருந்து போனது என்றுகூடத் தெரியாது.

முதலில் தப்பான முறையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லை அப்படியே பச்சையாக எழுதி வைப்பதுதான் அது. கம்ப்யூட்டரில் இரகசியச் சொல் புழங்க ஆரம்பித்த காலத்திலேயே இதன் ஆபத்து வெளிப்பட்டுவிட்டது. 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் அநேகர் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்து உபயோகித்தார்கள். எல்லோருடைய இரகசியச் சொற்களும் ஒரு கோப்பில் பச்சையாக இருந்தன. ஒரு நாள் நிர்வாகி ஒருவர் அந்தக் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்கையில், மற்றொருவர் உள்ளே வருகிறவர்களுக்குக் காட்டும் வரவேற்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் கருவி இருவர் வேலைக்கும் ஒரே தற்காலிகப் பெயரை வைத்ததால் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதற்குப் பின் உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் சலாம் சொல்வதற்குப் பதிலாக அத்தனை பேருடைய இரகசியச் சொற்களையும் இயந்திரம் அச்சடித்துக் கொடுத்தது! திருடன் எவனும் வரவில்லை. இரு சீட்டுகள் மாறிப்போயின, அவ்வளவுதான்.

இதைக் கண்ட பிறகும் புத்தி வரவில்லை என்பதற்கு 2009ம் வருஷம் சாட்சி. ராக்யூ என்ற அமெரிக்க ஸ்தாபனத்திலிருந்து மூன்று கோடியே இருபது லட்சம் இரகசியச் சொற்கள் பச்சையாகவே களவு போயின. அவற்றில் அதிகமான பேர் வைத்திருந்த சொல் 123456. அந்தப் பட்டியலை இன்றும் திருடர்கள் முதல் பாடப் புத்தகமாக வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் முயன்று பார்க்கிறார்கள்.

இரண்டாவது முறை பூட்டி வைப்பது. துணிக்கடையில் விலைச் சீட்டின்மேல் கொள்முதல் விலையை எழுத்துக் குறியால் எழுதும் பழக்கம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. வாங்க வந்தவருக்கு அது வெறும் எழுத்து. குறி தெரிந்த பையனுக்கு அது விலை. இரகசியச் சொல்லையும் இப்படிக் குறிமாற்றி எழுதினால் என்ன என்று தோன்றும். விலைச் சீட்டுக்கு அது சரி, ஏனென்றால் விலையை நாம் திரும்ப வாசிக்க வேண்டும். இரகசியச் சொல்லை நாம் ஒருபோதும் திரும்ப வாசிக்க வேண்டியதில்லை. வந்தவர் சொல்வது சரியா, தப்பா என்பது தெரிந்தால் போதும். வாசிக்க வேண்டாத ஒன்றுக்குத் திறவுகோல் செய்து வைத்தால், அந்தத் திறவுகோலையும் ஒருவன் திருடுவான் என்பதுதான் மிச்சம்.

அடோபி என்ற பெரிய கம்பெனி 2013ல் இந்த விஷயத்தில் அகப்பட்டுக்கொண்டது. அவர்கள் இரகசியச் சொற்களைக் குறிமாற்றித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. ஒரே சொல்லை வைத்த இருவருக்கு ஒரே குறிதான் விழுந்தது. போதாததற்கு, மறந்தால் ஞாபகப்படுத்த வாடிக்கையாளர் எழுதிய குறிப்புகள் பக்கத்திலேயே பச்சையாக இருந்தன. பதினைந்து கோடிக்கு மேற்பட்ட வரிகள் வெளியே வந்தன. ஆயிரம் பேருக்கு ஒரே குறி இருந்து, அவர்களில் ஒருவர் "என் ஊர்" என்றும், மற்றொருவர் "பாலம் உள்ள தீவு" என்றும் குறிப்பு எழுதியிருந்தால், சாவி இல்லாமலே பினாங்கு என்று சொல்லிவிடலாமே! குறுக்கெழுத்துப் போட்டி போடுகிறவர்களுக்கு இது வெகு சுலபம். அடோபி விஷயத்தில் அப்படித்தான் ஊகித்தார்கள்.

மூன்றாவது முறைதான் சரியானது. அதை அரைப்பது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கம்ப்யூட்டர்காரர்கள் ஹாஷ் என்பார்கள். மல்லியையும் மிளகாயையும் மில்லில் போட்டால் தூள் வரும். தூளை எந்த மில்லில் போட்டாலும் மல்லி திரும்ப வராது. ஆனால் இந்த மில்லில் ஒரு விசேஷம்: ஒரே சொல்லைப் போட்டால் எத்தனை தடவை அரைத்தாலும் அணுவளவும் மாறாமல் ஒரே தூள் வரும். ஆகவே பேரேட்டில் சொல்லை எழுதாமல் தூளை மட்டும் எழுதுகிறோம். வாடிக்கையாளர் மறுநாள் வந்து சொல்லைக் கொடுத்ததும் அதை மீண்டும் அரைத்து, வந்த தூளும் எழுதிய தூளும் ஒன்றா என்று பார்க்கிறோம். ஒன்றானால் உள்ளே விடுகிறோம். சொல் நம்மிடம் தங்குவதே இல்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீதம் என்பவர் 1960களில் இந்த வழியைக் கொண்டுவந்தார்.

கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இது மனதில் பதியும். ஒருவருடைய இரகசிய எண் 4729 என்று வைத்துக்கொள்வோம். அதை அதனாலேயே பெருக்கினால் 22363441. எட்டு இலக்கங்களில் முன்னிரண்டையும் பின்னிரண்டையும் தள்ளி நடுவில் உள்ள நான்கை எடுத்தால் 3634. பேரேட்டில் 3634 என்று மட்டும் எழுதுங்கள். இனி உங்கள் கணக்குப்பிள்ளையிடம் 3634ஐக் கொடுத்து, பழைய எண் என்ன என்று கேளுங்கள். தள்ளிய இலக்கங்கள் போனது போனதுதான். அவரால் பின்னோக்கிக் கணக்குப் போட முடியாது. ஆனால் வாடிக்கையாளர் 4729 என்று சொன்னால் ஒரு நிமிஷத்தில் சரிபார்த்துவிடலாம். தவறி 4730 என்று சொன்னால் 22372900, நடு எண் 3729, பொருந்தவில்லை. உண்மையான மில் இதைவிட எவ்வளவோ நுட்பமானது. ஓர் எழுத்து மாறினாலும் தூள் முழுவதுமே மாறிவிடும். நம் பெருக்கல் கணக்கில் வேறு ஏதோ ஓர் எண்ணுக்கும் 3634 விழக்கூடும். நல்ல மில்லில் அப்படி இரு சொற்கள் ஒத்துப்போவதை யாரும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்களும் அடிபட்டிருக்கிறார்கள். திருடன் தூளைத் திருப்பி மல்லியாக்க மாட்டான். அவனே மல்லி வாங்கி அரைத்துப் பார்ப்பான். அதாவது ஜனங்கள் வழக்கமாக வைக்கும் சொற்களை ஒவ்வொன்றாக அரைத்து, எந்தத் தூள் நம் பேரேட்டில் இருக்கிறது என்று தேடுவான். நம் நான்கு இலக்க எண்ணில் மொத்தமே பதினாயிரம்தான், அத்தனையையும் அரைத்துவிடலாம். ராபர்ட் மோரிஸ், கென் தாம்ஸன் என்ற இருவர் இதைச் சோதித்து 1979ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் சேகரித்த 3289 இரகசியச் சொற்களில் 2831 சொற்கள் மிகக் குட்டையாகவோ, அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் அகப்படுவதாகவோ இருந்தன. நூற்றுக்கு எண்பத்தாறு! பதினைந்து பேர் ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

இதற்கு அவ்விருவரும் சொன்ன மருந்தின் பெயர் நம் கடையில் மூட்டை மூட்டையாக இருக்கிறது: உப்பு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஸால்ட் என்றுதான் கம்ப்யூட்டர்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுத்து, அவர் சொல்லோடு கலந்து அரைப்பது. நம் கணக்கிலேயே பாருங்கள். இருவர் ஒரே 4729ஐ வைத்திருக்கிறார்கள். முதல்வருக்கு உப்பு 1158, கூட்டினால் 5887, பெருக்கினால் 34656769, நடு எண் 6567. இரண்டாமவருக்கு உப்பு 2306, கூட்டினால் 7035, பெருக்கினால் 49491225, நடு எண் 4912. ஒரே சொல், ஆனால் பேரேட்டில் இரு வேறு தூள். பார்க்கிறவனுக்கு இருவர் சொல்லும் ஒன்று என்று தெரியாது. அவன் முன்கூட்டியே அரைத்து வைத்த தூள் பட்டியலும் செல்லாக்காசாகிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக முதலிலிருந்து அரைக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. உப்பை எங்கே ஒளித்து வைப்பது? ஒளிக்க வேண்டியதில்லை. தூளுக்குப் பக்கத்திலேயே பேரேட்டில் எழுதி வைக்கலாம். சரிபார்க்கும்போது அது நமக்கு வேண்டுமே! உப்பின் வேலை இரகசியமாக இருப்பதல்ல. ஆளுக்கு ஆள் வேறுபடுவதுதான். எல்லோருக்கும் ஒரே உப்பைப் போடுகிறவர் உப்பே போடாதவருக்குக் கொஞ்சம்தான் மேல்.

உப்பில்லாமல் அரைத்ததற்கு லிங்க்ட்இன் கம்பெனியின் கதையைச் சொல்லலாம். 2012 ஜூனில் அவர்களுடைய அறுபத்தைந்து லட்சம் தூள்கள் வெளியாயின. உப்பில்லாமல் எஸ்.எச்.ஏ.1 என்னும் வேக மில்லில் அரைத்தவை. சொற்கள் கூட்டம் கூட்டமாகக் கண்டுபிடிக்கப்பட்டன. அத்தோடு போயிற்று என்றிருந்தார்கள். 2016ல் அதே களவிலிருந்து பதினோரு கோடியே எழுபது லட்சம் பேருடைய வரிகள் விற்பனைக்கு வந்தன. களவு போன சரக்கு நான்கு வருஷம் கழித்தும் சந்தைக்கு வரும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேக மில் என்றேன். மில் வேகமாக இருந்தால் நமக்கு லாபம் என்று நினைப்பது வர்த்தகர் சுபாவம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மெதுவான மில்தான் நல்ல மில். எம்.டி.5, எஸ்.எச்.ஏ.1 போன்ற பழைய மில்கள் வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய இயந்திரம் ஒன்று அவற்றில் நொடிக்குப் பல நூறு கோடிச் சொற்களை அரைத்துவிடும். இதைப் பார்த்து 1999ல் நீல்ஸ் புரோவோஸ், டேவிட் மாஸியேர் என்ற இருவர் பீகிரிப்ட் என்னும் மில்லை வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்கள். அதில் ஒரு திருகு உண்டு. அதை ஒரு படி கூட்டினால் வேலை இரட்டிக்கும். பத்தாம் படியில் 1024 சுற்று. பன்னிரண்டாம் படியில் 4096 சுற்று. இயந்திரங்கள் வேகமாக வேகமாக நாமும் திருகைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

இதனால் வரும் வித்தியாசத்தைக் கணக்குப் போடுங்கள். ஒரு சொல்லை அரைக்கப் பத்தில் ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் உள்ளே நுழையும் வாடிக்கையாளருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு கோடிச் சொற்களை முயன்று பார்க்கும் திருடனுக்கோ பத்து லட்சம் நொடிகள், அதாவது பதினொன்றரை நாள் ஆகும். அதுவும் ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு; உப்பு வேறாக இருப்பதால் அடுத்தவருக்கு இன்னும் பதினொன்றரை நாள். அவன் பத்து இயந்திரம் வைத்தால் நாள் குறையும், செலவு ஏறும். வேக மில்லாக இருந்தால் அந்த ஒரு கோடியும் கண் இமைக்குமுன் முடிந்துவிடும். பீகிரிப்டுக்குப் பின் வந்த ஆர்கன் 2 என்பது 2015ல் இதற்கென்றே நடந்த போட்டியில் முதலாக வந்தது. அது நேரத்தோடு கம்ப்யூட்டரின் ஞாபக இடத்தையும் நிறைய விழுங்கும். ஆதலால் மலிவான இயந்திரங்களை வரிசையாக அடுக்கி அரைப்பது கஷ்டம். புதிதாகச் செய்கிறவர்கள் ஆர்கன் 2 கேட்கலாம். பீகிரிப்ட் இருந்தாலும் குறையில்லை. சொந்தமாக மில் கண்டுபிடித்ததாகச் சொல்கிறவரை மட்டும் நம்ப வேண்டாம். மேலே நான் போட்ட பெருக்கல் கணக்கும் பாடத்துக்குத்தான், கடைக்கல்ல.

உப்போடு மிளகும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான ஓர் இரகசியத்தைச் சேர்த்து அரைப்பதற்குப் பெப்பர் என்று பெயர். இதைப் பேரேட்டில் வைக்காமல் வேறு இடத்தில் வைக்க வேண்டும். பேரேட்டை மட்டும் திருடியவனுக்கு அப்போது முயன்று பார்க்கவும் வழியிராது. இருந்தால் நல்லது. உப்பு மட்டும் இல்லாமல் கூடாது.

இனி நம் கடைக் கம்ப்யூட்டர் எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது எப்படி? படிப்பில்லாதவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. "இரகசியச் சொல்லை மறந்துவிட்டேன்" என்ற பொத்தானை அழுத்துங்கள். உங்கள் பழைய சொல்லையே திருப்பி அனுப்பினால், அது பச்சையாகவோ பூட்டியோ இருக்கிறது என்று அர்த்தம். அரைத்து வைத்திருந்தால் அவர்களுக்கே பழைய சொல் தெரியாது. புதுச் சொல் வைத்துக்கொள்ள ஒரு தடவை மட்டும் செல்லும் வழி ஒன்றைத்தான் கொஞ்ச நேரத்துக்கு அனுப்ப முடியும். என் கடைக்குக் கல்லா மென்பொருள் போட்டுக்கொடுத்த ஒருவரிடம் இப்படிக் கேட்டபோது, அவர் வாட்ஸ்அப்பில் என் சொல்லை எழுத்துப் பிசகாமல் அனுப்பினார். கூடவே, "உங்கள் மச்சான் சொல்லும் வேண்டுமா?" என்று உதவி மனப்பான்மையோடு கேட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் அத்தனை கடைக்காரர்களின் சாவியும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

அரைத்து வைக்கிறோம் என்று சொல்கிறவரிடமும் சில விஷயங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பீகிரிப்ட் எழுதித் தரும் வரி சரியாக 60 எழுத்து. எந்த மில், திருகு எத்தனை, உப்பு என்ன, தூள் என்ன என்பதெல்லாம் அந்த ஒரே வரிக்குள் இருக்கும். பேரேட்டில் அதற்கு 40 எழுத்து இடம் மட்டும் விட்டிருந்தால் மிச்சம் வெட்டுப்பட்டு, சரியான சொல்லைச் சொன்னவரும் வெளியே நிற்பார். கொஞ்சம் தாராளமாக 255 என்று இடம் விடச் சொல்லுங்கள். தப்புச் சொல் சொன்னவருக்கு "பெயரோ இரகசியச் சொல்லோ சரியில்லை" என்று பொதுவாகத்தான் பதில் வர வேண்டும். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று சொன்னால், யார் யார் நம் வாடிக்கையாளர் என்பதைத் திருடனுக்கு நாமே வடிகட்டிக் கொடுத்ததாகும். பல தடவை தப்பாகச் சொல்கிறவரைச் சற்றுக் காக்க வைக்கவும் வேண்டும்.

தமிழில் இரகசியச் சொல் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். பீகிரிப்ட் 72 பைட் அளவுக்குத்தான் சொல்லை வாங்கும். அதற்கு மேலுள்ளதைப் பல மென்பொருள்கள் சத்தமில்லாமல் விட்டுவிடும். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட். அரபு எழுத்துக்கும் ஜாவி எழுத்துக்கும் இரண்டு. தமிழுக்கோ ஒவ்வொரு குறிக்கும் மூன்று. அதிலும் "கு" என்பது ககரமும் உகரக் குறியுமாக இரண்டாகி ஆறு பைட் எடுத்துக்கொள்ளும். "நிபோங் திபால்" என்று எழுதினாலே 37 பைட், பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. "போ" என்பதிலுள்ள ஓகாரக் குறியைக் கம்ப்யூட்டர் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மில்லுக்கு இரண்டும் வேறு. ஒரு கைப்பேசியில் வைத்த சொல் வேறு இயந்திரத்தில் செல்லாமற்போக இது ஒரு காரணம். அரைக்குமுன் இரண்டையும் ஒரே மாதிரியாக்க வேண்டும் என்று செய்து கொடுப்பவரிடம் சொன்னால், முறை தெரிந்தவருக்கு உடனே விளங்கும்.

பேரேடு சரியாக இருந்தும் சொல் வேறு வழியாகக் கசிவதுண்டு. வாடிக்கையாளரின் கைப்பேசியிலிருந்து நம் இயந்திரத்துக்கு வரும் வழியில் சொல் இன்னும் அரைபடவில்லை. அந்த வழி பூட்டுச் சின்னம் போட்ட வழியாக இருக்க வேண்டும். வந்த பிறகு, அன்றாடம் நடந்ததைக் குறிக்கும் நாட்குறிப்பில் சிலர் கவனமின்றிச் சொல்லையும் எழுதிவிடுகிறார்கள். பேஸ்புக் கம்பெனியே கோடிக்கணக்கானவர்களின் சொற்களை உள் குறிப்புகளில் பச்சையாக வைத்திருந்ததாக 2019 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அதற்காக அயர்லாந்து அதிகாரிகள் 2024 செப்டம்பரில் 9 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் போட்டார்கள்.

நம் தொழிலுக்கு மிகவும் கிட்டியது சிங்கப்பூர் ரெட்மார்ட். வீட்டுக்கு மளிகை கொண்டுபோய்க் கொடுக்கும் வியாபாரம், லஸாடாவுக்குச் சொந்தம். அதன் பதினொரு லட்சம் கணக்குகளின் விவரம் களவு போனது 2020 அக்டோபரில் தெரியவந்தது: பெயர், நம்பர், விலாசம், குறிமாற்றிய இரகசியச் சொல் எல்லாம். போனது அன்றாடம் புழங்கிய பேரேடு அல்ல. ஒன்றரை வருஷத்துக்கு மேல் தொடாமல் கிடந்த பழைய பேரேடு! கடை மாறியபோது பழைய நோட்டுகளைப் பின்கட்டில் போட்டு மறந்ததுபோல.

மலேசியாவில் தனிப்பட்டோர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010ல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. 2017ல் நாலு கோடியே அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட கைப்பேசிச் சந்தாதாரர்களின் விவரம் வெளியானதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சட்டம் 2024ல் திருத்தப்பட்டது. கடமை தவறினால் அபராதம் மூன்று லட்சம் வெள்ளி வரை என்றிருந்தது இப்போது பத்து லட்சம் வெள்ளி வரை. 2025 ஜூன் 1 முதல், பெருந்தீங்கு தரக்கூடிய கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். கம்ப்யூட்டர் செய்து கொடுத்தவர் தப்பு என்று கை காட்டுவதால் கடைக்காரர் பொறுப்பு நீங்கிவிடாது.

பழைய பேரேட்டில் பச்சையாக இருப்பவற்றை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது சுலபம். பச்சையாக இருப்பதால் வாடிக்கையாளரைத் தொந்தரவு செய்யாமல் இன்று இரவே உப்புப் போட்டு அரைத்துவிடலாம். பழைய வேக மில்லில் அரைத்தவையானால், அந்தத் தூளையே பீகிரிப்டில் மறுபடி அரைத்து வைத்து, வாடிக்கையாளர் அடுத்த தடவை உள்ளே வரும்போது அவர் சொல்லைப் புதிதாக அரைத்து எழுதிக்கொள்ளலாம். ஒரு வருஷமாகியும் வராதவர் தூளை அழித்துவிட்டு, வந்தால் புதுச் சொல் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். வேலை முடிந்ததும், மாற்றுவதற்குமுன் எடுத்து வைத்த நகல்கள் பென்டிரைவிலோ, பழைய கம்ப்யூட்டரிலோ, செய்து கொடுத்தவர் வீட்டு மேஜையிலோ எத்தனை இருக்கின்றன என்று எண்ணி, அத்தனையையும் அழித்ததாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.